டிரெய்லருக்கு எந்த பேட்டரி? கொள்ளளவுக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி

வண்டியின் பின்னால் இழுத்துச்சென்று உள்ளேயே தங்கிக்கொள்ளும் டிரெய்லரை நாங்கள் முதன்முதலில் வாங்கிய ஆண்டு, குளிர் தொடங்கும் நாள்களில், மின் இணைப்பு இல்லாத ஒரு காட்டோரத்தில் தங்கியிருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு மூக்கு நுனி சில்லிட்டு விழித்துக்கொண்டேன். எரிவாயு ஹீட்டரின் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் துவாரத்தருகே கையை வைத்தால் வந்தது குளிர்காற்று. சிலிண்டரில் எரிவாயு நிறைய இருந்தது. இருந்த போர்வையையெல்லாம் குழந்தைகளுக்குப் போர்த்திவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் வோல்ட் மீட்டரைப் பார்த்தேன்: 10.8.

அந்த ஹீட்டருக்குள் காற்றோட்டத்தை உணரும் சிறிய தகட்டுச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. விசிறி போதிய வேகத்தில் சுற்றி, அந்தக் காற்று தகட்டைத் தள்ளினால்தான் எரிவாயு வால்வு திறக்கும். மின்னழுத்தம் இறங்கிவிட்டால் விசிறி சோம்பிச் சுற்றும், தகடு அசையாது, வால்வு திறக்காது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் குடித்துவிடும். விளக்குக்கும் கைபேசிக்கும்தான் பேட்டரி என்று நினைத்திருந்த எனக்கு, அது இல்லாமல் எரிவாயுகூட எரியாது என்பது அன்றுதான் உறைத்தது.

டிரெய்லருடன் வந்திருந்தது குரூப் 24 அளவிலான ஒற்றை பேட்டரி, கொள்ளளவு 75 ஆம்பியர்-மணி (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்பதன் பெருக்கல்). மேலே ‘மரைன், டீப் சைக்கிள்’ என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே ‘மரைன் கிராங்கிங் ஆம்ப்ஸ்’ என்று ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அந்த எண்ணைப் பெருமையாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் இரட்டைப் பயன் பேட்டரி என்று இப்போது எனக்குத் தெரியும். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட வேண்டும். அதற்கு மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கிப் பரப்பளவைக் கூட்டுவார்கள். இரவு முழுக்க நிதானமாகக் கொடுத்து, மறுநாள் நிரம்பி, மறுபடி கொடுப்பதற்குத் தடித்த தகடுகள் வேண்டும்; உண்மையான டீப் சைக்கிள் என்பது அதுதான். இரட்டைப் பயன் பேட்டரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டிரெய்லரில் கிளப்புவதற்கு இன்ஜின் ஏது? நமக்குத் தேவையே இல்லாத ஒரு திறமைக்காக, தேவையான திறமையை விட்டுக்கொடுத்த பொருள் அது. ஒப்பீட்டில் இந்த ரகத்தை நான் சேர்த்துக்கொள்ளவே போவதில்லை.

அட்டையில் உள்ள எண்ணும் உண்மையும்

100 ஆம்பியர்-மணி என்றால் 100 ஆம்பியர்-மணி கிடைக்கும் என்று பொருளில்லை. அந்த எண் 20 மணி நேரக் கணக்கு. 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால், 12 வோல்ட் ஈய அமில பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை 100 கிடைக்கும். வேகமாக எடுத்தால் குறைவாகவே கிடைக்கும். 1897-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பியூகெர்ட் இதைச் சூத்திரமாகவே எழுதிவிட்டார். அவருடைய கணக்கில் சாதாரண ஈய அமில பேட்டரிக்கு அடுக்கெண் சுமார் 1.25. அதே 100 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் வீதம் உறிஞ்சினால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கைக்கு வருவது 67 ஆம்பியர்-மணிதான். அமிலம் பஞ்சுக்குள் ஊறியிருக்கும் ஏஜிஎம் ரகத்தில் இந்த இழப்பு குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் (இனி சுருக்கமாக லித்தியம்) இல்லையென்றே சொல்லலாம்.

ஆம்பியர்-மணியே போடாமல் ‘ரிசர்வ் கெப்பாசிட்டி’ என்று நிமிடக் கணக்கு மட்டும் போட்டிருக்கும் பேட்டரிகளும் உண்டு. 25 ஆம்பியர் எடுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே அது. நிஜப் பயன்பாட்டுக்கு நெருக்கமான எண் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

இனி ஓர் இரவின் செலவைப் பார்ப்போம். நடுத்தர டிரெய்லரின் ஹீட்டர் விசிறி ஓடும்போது 8 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். குளிர்ந்த இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலும் 40 ஆம்பியர்-மணி போய்விட்டது. எல்இடி விளக்குகள் அனைத்தும் சேர்ந்து ஐந்து. தண்ணீர் பம்ப் ஓடும்போது 6 ஆம்பியர் எடுத்தாலும் நாளுக்கு இருபது நிமிடம்தான் ஓடும் என்பதால் இரண்டு. எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி, ரேடியோவின் நினைவகம் ஆகியவை நாம் தூங்கினாலும் விழித்திருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பதினைந்து. கைபேசிகளுக்கு ஓர் ஐந்து. மொத்தம் 67. குளிரில் கொள்ளளவும் குறையும் என்பதால், எங்கள் 75 ஆம்பியர்-மணி பேட்டரி விடியும்முன் ஏன் கைவிரித்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கம்ப்ரஸரில் ஓடும் 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டி உங்களிடம் இருந்தால் இன்னொரு 40 முதல் 70 வரை கூட்டிக்கொள்ளுங்கள். பழைய குண்டு பல்புகள் இருந்தால் பேட்டரி வாங்குவதற்கு முன் அவற்றைக் கழற்றி எறியுங்கள்; ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் எடுக்கும். இவ்வளவு மலிவாகக் கொள்ளளவைக் கூட்டும் வழி வேறில்லை.

எடுத்தது எப்படித் திரும்பும்?

பேட்டரி வாங்கப்போகிறவர்கள் எல்லாரும் ‘எத்தனை ஆம்பியர்-மணி வாங்கலாம்?’ என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இத்தனை ஆண்டுகளில் என் கேள்வி மாறிவிட்டது. இரவில் எடுத்த 67 ஆம்பியர்-மணி மறுநாள் எந்த வழியாகத் திரும்ப உள்ளே போகும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த ரகம் என்பது பெரும்பாலும் தானாகவே தீர்மானமாகிவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

ஈய அமில பேட்டரி முதல் 80 விழுக்காடு வரை மளமளவென்று நிரம்பும். அதன்பின் அதன் உள்ளெதிர்ப்பு கூடுகிறது. எவ்வளவு பெரிய சார்ஜரை வைத்தாலும் அது வாங்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். கடைசி 20 விழுக்காட்டுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். அந்தக் கடைசிப் பகுதியை நிரப்பாமல் விட்டுக்கொண்டே வந்தால் தகட்டின்மேல் படிந்த ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும்; பிறகு அது கரையாது. பெரும்பாலான டிரெய்லர் பேட்டரிகள் உழைத்துச் சாவதில்லை, பட்டினியில் சாகின்றன என்பது என் உறுதியான கருத்து. லித்தியம் இரும்பு பாஸ்பேட் இந்த விஷயத்தில் நேரெதிர். கிட்டத்தட்ட நிரம்பும்வரை ஒரே வேகத்தில் வாங்கும். பாதியில் நிறுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இதை வைத்து ஒவ்வொரு வழியையும் எடைபோடலாம். ஜெனரேட்டர் மட்டுமே உங்கள் வழி என்றால், ஈய அமில பேட்டரியின் கடைசி 20 விழுக்காட்டுக்காக மணிக்கணக்கில் எரிபொருளை எரிக்கவேண்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் தங்கியிருப்பவர்களின் அமைதியும் போகும். தகுந்த சார்ஜர் இருந்தால் 100 ஆம்பியர்-மணி லித்தியத்தை இரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிட்டு ஜெனரேட்டரை அணைத்துவிடலாம். சூரியத் தகடு வேறு மாதிரி. அது மெதுவாக, நாள் முழுக்கக் கொடுக்கும். அந்த நிதானம் ஈய அமில பேட்டரியின் சுபாவத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். ஆனால் மரநிழலில் நிறுத்திவிட்டாலோ, மூன்று நாள் மேகம் போட்டாலோ ஈய அமில பேட்டரி அரைவயிற்றோடு கிடக்கும்.

இழுத்துச் செல்லும் வண்டியின் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவியை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இணைப்புப் பிளக்கிலிருந்து டிரெய்லரின் பேட்டரி வரை போகும் கம்பி நீளமானது, மெல்லியது. வழியிலேயே மின்னழுத்தம் கரைந்துவிடும். நான்கு மணி நேரம் ஓட்டினால் இருபது முப்பது ஆம்பியர்-மணி ஏறியிருந்தாலே பெரிய விஷயம். லித்தியத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அது ஓய்வில் இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். வண்டியின் பேட்டரி 12.7. இன்ஜினை அணைத்தபின் இணைப்பு அறுபடாத வண்டியாக இருந்தால் மின்சாரம் டிரெய்லரிலிருந்து வண்டிக்குப் பின்னோக்கிப் பாயும். கம்பியைத் தடியாகப் போட்டுவிட்டால் லித்தியம் வாங்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடவும் கூடும். இரண்டுக்கும் மருந்து, வண்டியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை நடுவில் வைப்பதுதான். லித்தியத்துக்கு மாறும்போது அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வெளி மின் இணைப்பிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் டிரெய்லருக்குள்ளேயே இருக்கும்; அதையும் பார்த்துவிட வேண்டும். பழைய ரகங்கள் 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்ப 14.4-க்கு மேல் வேண்டும், லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை. ‘பழையதைக் கழற்றி இதை வைத்தால் போதும்’ என்று லித்தியத்தின் அட்டையில் எழுதியிருப்பதைப் பெட்டிக்குள் பொருந்தும் என்கிற அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

தண்ணீர் ஊற்றும் ஈய அமில பேட்டரி

1859-இல் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய அமில பேட்டரியின் நேரடி வாரிசு இது. இந்த ரகத்தில் டிரெய்லருக்கு நான் மதிக்கும் ஒரே வடிவம், கோல்ஃப் வண்டிகளுக்காகச் செய்யப்படும் 6 வோல்ட் பேட்டரி. இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட், சுமார் 220 ஆம்பியர்-மணி. தினமும் காலியாகி தினமும் நிரம்புவதற்கென்றே செய்யப்பட்டவை. தகடுகளின் தடிமனே வேறு. குரூப் 24, குரூப் 27 போன்ற இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைப் பக்க இணைப்பில் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒன்று செத்துவிட்டால் அதைக் கழற்றிவிட்டு மற்றொன்றில் ஊர் திரும்பலாம். தொடர் இணைப்பில் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. ஆனால் பக்க இணைப்பில் இரண்டும் சமமாக உழைப்பதில்லை. சற்றுக் கெட்டுப்போன ஒன்று நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். பயன்படுத்திய ஒன்றுடன் புதிய ஒன்றைச் சேர்க்கவே கூடாது.

இந்த ரகத்தின் குறைகள் எல்லாரும் சொல்வதுதான்: கனம், அமிலம், ஹைட்ரஜன். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். அதனால் இதை வெளியே, காற்றோட்டமுள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டும். கொள்ளளவில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சுருங்கும் என்பதால் 220-இல் நாம் நம்பிப் பயன்படுத்துவது 110.

ஆனால் வேறெந்த ரகத்திலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடியும். இரண்டாவது டிரெய்லரை யாரோ பயன்படுத்தியதாக வாங்கினோம். அதில் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தது. மீட்டரில் 12.5 வோல்ட் காட்டியது. நல்ல நிலையில் இருக்கிறது என்று விற்றவர் சொன்னதை நானும் நம்பினேன். மறுநாள் காலை கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தேன்; எண் கூடினால் சார்ஜ் நிறைய இருக்கிறது என்று பொருள். முதல் செல்லில் மிதவை மேலே எழும்பி நின்றது: 1.265. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. நான்காவதில் மிதவை அடியில் போய் அமர்ந்துகொண்டது. தட்டிப் பார்த்தேன், எழவில்லை. 1.150. ஐந்தும் ஆறும் மறுபடி 1.265. ஐந்து செல்கள் நிறைந்திருக்க, ஒன்று மட்டும் ஏறத்தாழக் காலி. ஒரு செல்லின் மின்னழுத்தம் அதன் அடர்த்தி எண்ணுடன் 0.85-ஐக் கூட்டினால் வருவதற்குச் சமம் என்பார்கள். கூட்டிப் பாருங்கள்: ஆறும் சேர்ந்து 12.5 சொச்சம் வருகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆறு பேரின் சராசரியைச் சொன்னது, அவ்வளவுதான். ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் அந்த ஒரு செல் சரிந்து முழு பேட்டரியையும் கவிழ்த்திருக்கும்.

மூடிய பேட்டரியில் இந்தச் சோதனை கிடையாது. அதேபோல, தண்ணீர் குறைந்தாலும் ஊற்றிக்கொள்ள முடியும் என்பது இந்த ரகத்துக்கு மட்டுமே உள்ள மன்னிப்பு. காய்ச்சி வடித்த நீரை மட்டும், சார்ஜ் ஆனபிறகு ஊற்ற வேண்டும், அமிலத்தை அல்ல. ஒரு மாதம் மறந்தாலும் பிழைக்கும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு மறந்தால் பிழைக்காது.

ஏஜிஎம், பிறகு ஜெல்

ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சுக்குள் ஊறியிருக்கும். சிந்தாது, தண்ணீர் கேட்காது, அதிர்வைத் தாங்கும். தானாக வடியும் அளவு மாதத்துக்கு 1 முதல் 3 விழுக்காடுதான். தண்ணீர் ஊற்றும் ரகத்தில் இது 5-ஐத் தாண்டும். சார்ஜையும் சற்று வேகமாக வாங்கும். இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் எனக்கு இதன்மேல் முழு மனம் வரவில்லை. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. கனம் அப்படியே இருக்கிறது. கடைசி 20 விழுக்காட்டின் இழுபறியும் அப்படியே. அதிகச் சார்ஜில் நீர் ஆவியாகிவிட்டால் திரும்ப ஊற்ற வழியில்லை. பணம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது சக்தியை அல்ல, நிம்மதியை. பராமரிக்க உடல் ஒத்துழைக்காதவர்களுக்கும், பேட்டரியை உள்ளே வைக்கவேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கும், கடுங்குளிரில் பயணம் செய்பவர்களுக்கும் அந்த நிம்மதி பெறுமானமுள்ளதுதான்.

ஜெல் ரகத்துக்கு 14.1 வோல்ட் அளவிலேயே சார்ஜை நிறுத்த வேண்டும். மீறினால் ஜெல்லுக்குள் குமிழி உண்டாகி நிலையாகத் தங்கிவிடும். டிரெய்லரில் அவ்வளவு கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. விட்டுவிடலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்

இந்த வேதியியல் 1990-களின் நடுப்பகுதியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. லித்தியம் அயனி பேட்டரிகளுக்காக அவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. லித்தியம் என்றதும் தீப்பிடிக்கும் என்ற பயம் பலருக்கு வருகிறது. இரும்பு பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் உறுதியான பிணைப்பில் கட்டுண்டிருப்பதால், நிக்கல், கோபால்ட் சேர்ந்த ரகங்களைவிட இது வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், மிகக் குறைவு.

நான்கு செல்கள் தொடராக, 12.8 வோல்ட். 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் எடை 11 முதல் 13 கிலோ. அதில் 80-இலிருந்து 100 வரை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கோல்ஃப் பேட்டரிகள் 56 முதல் 60 கிலோ, எடுத்துக்கொள்ளக்கூடியது 110. கையில் கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான், கனத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம். டிரெய்லரின் முன்கொக்கியில் விழும் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பேட்டரிகள் அந்தக் கொக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால், சிறிய வண்டியில் இழுப்பவர்களுக்கு இந்த 45 கிலோ பெரிய விஷயம். எடையை முன்னாலிருந்து எடுத்துவிட்டபின் பின்பக்கம் பாரமாகி வண்டி ஆடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுழற்சி எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை காலியாகி நிரம்பும் என்பதைத்தான் விளம்பரங்கள் முன்வைக்கின்றன: 2,000 முதல் 5,000. நன்றாகப் பராமரித்த கோல்ஃப் பேட்டரி பாதி ஆழத்துக்கு 500 முதல் 1,000 தரும். எண்களைப் பார்த்தால் லித்தியம் எங்கோ நிற்கிறது. ஆனால் ஆண்டுக்கு முப்பது இரவுகள் மட்டும் வெளியே தங்குபவருக்கு 500 சுழற்சியே பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வரும். சுழற்சி தீர்வதற்கு வெகு முன்பே அந்த ஈய அமில பேட்டரி வயதாலோ கவனக்குறைவாலோ போய்விடும். அவருக்கு 5,000 என்ற எண் வெறும் அலங்காரம். அவர் லித்தியம் வாங்கினால் அது எடைக்காகவும் சார்ஜ் வேகத்துக்காகவும் பராமரிப்பின்மைக்காகவும் இருக்கட்டும்.

இதன் உண்மையான எதிரி குளிர். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. அந்தக் குளிரில் மின்சாரம் எடுக்கலாம், கொடுக்கத்தான் கூடாது. பேட்டரி மேலாண்மைச் சுற்று, அதாவது பிஎம்எஸ், குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் வசதியுடன் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. வாயு வெளிவராத ரகம் என்பதால் கட்டிலுக்கடியில், வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிடுவதே நல்ல தீர்வு.

ஈய அமிலம் குளிரில் கொள்ளளவை இழக்கும். உறைநிலையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனாலும் சார்ஜ் வாங்கும். நிறைந்த நிலையில் அதன் அமிலம் உறைவதே இல்லை என்று சொல்லலாம். காலியான நிலையில் ஏறக்குறைய தண்ணீர்போல உறைந்து பெட்டியையே பிளந்துவிடும்.

இன்னும் ஒன்று, அவ்வளவாக யாரும் பேசாதது. ஈய அமில பேட்டரி காலியாகும்போது விளக்கு மங்கி, விசிறி சோர்ந்து, முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, பிஎம்எஸ் துண்டித்த கணத்தில் எல்லாம் இருண்டுவிடும். வோல்ட் மீட்டரை வைத்து அதன் இருப்பைக் கணிக்க முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சார பிரேக் உள்ள டிரெய்லரில், கொக்கி கழன்று வண்டியை விட்டுப் பிரிந்தால் பிரேக்கைப் பிடிப்பது இந்த பேட்டரிதான். துண்டித்துக்கொண்ட லித்தியத்துடன் சாலையில் ஏறினால் அந்தக் காப்பு இல்லாமல் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். கிளம்பும்முன் ஷண்ட் மீட்டரைப் பார்ப்பதை நான் டயர் காற்றைப் பார்ப்பதுபோலப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கு எது?

பெரும்பாலும் மின் இணைப்புள்ள இடங்களில் தங்கி, வழியில் ஓரிரவு மட்டும் பேட்டரியை நம்புபவர் லித்தியத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. குரூப் 27 அல்லது 31 அளவில் உண்மையான டீப் சைக்கிள் ஒன்று போதும்.

மாதம் ஒரு வார இறுதி மின் இணைப்பில்லாமல் தங்கி, வீடு திரும்பியதும் டிரெய்லரைச் சார்ஜில் போடக்கூடியவருக்கு இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் பேட்டரிகளைச் சொல்வேன். நான் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். வீட்டில் சார்ஜில் போட வசதியில்லாமல், எங்கோ வாடகை இடத்தில் டிரெய்லரை நிறுத்துபவர் என்றால் என் பதில் மாறும். பயணம் முடிந்து அரைகுறைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடப்பது ஈய அமிலத்துக்கு நஞ்சு. லித்தியத்துக்கோ அதுதான் சரியான ஓய்வுநிலை. எத்தனை இரவுகள் தங்குகிறோம் என்பதைவிட, தங்காத இரவுகளில் பேட்டரி எங்கே இருக்கிறது என்பது இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

வாரக்கணக்கில் வெளியே தங்குபவர்கள், ஜெனரேட்டரை வெறுப்பவர்கள், தூக்கத்தில் சுவாசக் கருவி பயன்படுத்துபவர்கள், கம்ப்ரஸர் குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கு 200 ஆம்பியர்-மணி லித்தியமும் கூரையில் 300, 400 வாட் தகடும் என்று தயங்காமல் சொல்வேன். மைக்ரோவேவ் அடுப்பை இன்வெர்ட்டரில் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கும் இதே பதில்தான். 1,000 வாட் அடுப்பு என்றால் உள்ளே இழுப்பது 1,500 வாட். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் அது 140 ஆம்பியர் அளவுக்கு வரும். கோல்ஃப் பேட்டரியில் மின்னழுத்தம் சரிந்து இன்வெர்ட்டர் கூவும். ஒற்றை 100 ஆம்பியர்-மணி லித்தியத்தில் பிஎம்எஸ் வரம்பு பெரும்பாலும் 100 ஆம்பியர்தான் என்பதால் அது துண்டித்துக்கொள்ளும். ஏர் கண்டிஷனரை பேட்டரியில் ஓட்டும் திட்டம் இருந்தால் அது வேறு அளவிலான செலவு. இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

எங்கள் கோல்ஃப் பேட்டரிகள் ஓய்ந்தபிறகு நானும் லித்தியத்துக்கு மாறிவிட்டேன். கட்டிலுக்கடியில் இரண்டு 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். ஷார்ட்டானால் லித்தியம் கொட்டும் மின்னோட்டம் சாதாரண ஃபியூஸால் அறுக்க முடியாத அளவுக்குப் போகக்கூடும். அதனால் அவ்வளவு மின்னோட்டத்தையும் அறுக்கவல்ல கிளாஸ் டி (Class T) ரகம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கடைக்குப் போகும்முன் அளவு நாடாவுடன் பேட்டரிப் பெட்டிக்கு முன்னால் ஒருமுறை குந்தி உட்காருங்கள். குரூப் 24 பேட்டரியின் உயரம் சுமார் 22 சென்டிமீட்டர். கோல்ஃப் பேட்டரி 28. நான் அளக்காமல் வாங்கிவந்து, மூடி மூடாமல், மழை தூறிக்கொண்டிருக்க, இரண்டு முப்பது கிலோ பேட்டரிகளைத் திரும்பத் தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறேன்.